மூக்கு என்னுடையது, வலி அவளுடையது

என் மனைவிக்கு வந்த நோயை, டாக்டருக்கு முன்பே கண்டுபிடித்தவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரிடம் இப்படித்தான் சொன்னேன். அவர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவராம். "அண்ணே, அக்காவுக்கு மூக்கு ஆப்பரேஷன்னு எழுதியிருந்தீங்களே, நல்லபடியா முடிஞ்சிடுச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார். நானும் ரசத்தை நிறுத்திவிட்டு, "ஆப்பரேஷனா? அது மூக்கே இல்லைன்னு நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பாக்கியம் – என் மனைவி – அப்பளத்தை உடைத்தாள். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் என் பொய்யும் சேர்ந்து உடைந்துவிட்டது.

"சரி, அவதான் கண்டுபிடிச்சா" என்றேன்.

அந்த மனுஷர் விடவில்லை. என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து அவளிடம் கேட்டார். "அப்ப அண்ணன் என்னா பண்ணாரு, அக்கா?"

"தும்மினாரு" என்றாள்.

அதனால் இந்த வாரம் உண்மையை எழுதிவிடுகிறேன். எப்படியும் அவள் படிக்கச் சொல்லிக் கேட்பாள்.

பழைய வாசகர்களுக்கு என் மூக்கைத் தெரியும். புதியவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன அறிமுகம். நான் கிள்ளானிலிருந்து ஷா ஆலம் ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸின் டிரைவர். படிப்பு, மூன்றாம் வகுப்பு. நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை, அதுதான் தாங்க முடியாமல் என்னை விட்டுவிட்டது. இந்தப் பத்தியில் பிழை இல்லாமல் இருந்தால் அது ஆசிரியரின் புண்ணியம். பிழை இருந்தால் அதுவும் அவருடையதுதான், நான் ஒன்றும் சொந்தம் கொண்டாட மாட்டேன்.

மூக்கு மட்டும் முழுக்க என்னுடையது. விடியற்காலையில் பஸ்ஸைக் கிளப்பினால் தூசி, குளிர், டீசல் புகை – எது முதலில் வந்தாலும் தும்மல் தொடங்கிவிடும். ஹாரன் கெட்டுப்போன நாளில், என் தும்மலுக்கே மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழி விட்டிருக்கிறார்கள். கண்ணில் நீர், மூக்கில் நீர், ஒரு பக்கம் திறந்தால் மறு பக்கம் அடைப்பு. அடுப்பில் மீன் குழம்பு கருகினாலும் தெரியாது, பக்கத்து வீட்டில் ஊரையே தூக்கும் டுரியான் பழத்தை உடைத்தாலும் தெரியாது. டுரியான் வாசம் தெரியாதவன் மலேசியாவில் எப்படி வாழ்வது, சொல்லுங்கள்?

சில வருஷங்களுக்கு முன்னால் மூக்குக்குள் வளர்ந்திருந்த சதையை ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பாதிக் குணம். ஆனால் எனக்கு முழுப் பட்டம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து பஸ்ஸில் யாருக்குத் தலைவலி என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்து, கியரை மாற்றிக்கொண்டே சொல்வேன்: "சைனஸ்."

நம் ஆட்களுக்கு எது வந்தாலும் சைனஸ்தானே? தலைவலியா, சைனஸ். அசதியா, சைனஸ். நாத்தனாரிடம் எரிந்து விழுந்தாளா? பாவம், தலையில் நீர் கோத்திருக்கும், சைனஸ். அதிலும் காடு எரிந்து வந்த அந்தப் புகை மூட்ட மாதங்களைக் கேட்கவே வேண்டாம். எதிர் வீடே மங்கலாகத் தெரிந்த அந்த நாட்களில் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது.

அந்த நேரத்தில்தான் பாக்கியம் சுருண்டாள்.

அவளுக்கு ஷா ஆலமில் ரேடியோ சாமான் செய்யும் ஃபேக்டரியில் வேலை. என் பஸ்ஸில்தான் வருவாள், எனக்குப் பின் சீட்டு. வழி முழுக்கப் பேச்சு. எதிரே வரும் லோரிக்காரன் என்னைத் திட்டினால் எனக்குப் பதிலாக அவள் திட்டுவாள். அப்படிப்பட்டவள் பேச்சை நிறுத்தினாள். ஜன்னலில் தலையைச் சாய்ப்பாள், பஸ் குலுங்கினால் முகத்தைச் சுளிப்பாள்.

"ராத்திரி பூரா தூங்கறேங்க. காலைல எந்திரிச்சா மூட்டை தூக்கின மாதிரி இருக்கு" என்பாள். "முகம் பாரமா இருக்கு, தலை வலிக்குது, உடம்பு பூரா நோவுது" என்பாள். உப்புப் போட்டோமா என்று மறந்து இன்னொரு தடவை போடுவாள். கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கியவள், பாதியில் இறக்கிவிட்டு நிற்பாள்.

இத்தனையும் என் காதில் விழுந்தது. நான் எடுத்துக்கொண்டது முகத்தையும் தலையையும் மட்டும். மீதியை ஃபேக்டரி வேலை என்று தள்ளிவிட்டேன்.

"சைனஸ்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. குடும்பத்துக்கே அதுதான் மருந்துக்கடை. யார் பேரில் வாங்கின மருந்தானாலும், யாருக்கு முடியவில்லையோ அவர் டின்னைத் திறந்துகொள்ளலாம். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே சோறு, ஒரே தண்ணி, நோய் மட்டும் வேறாகவா இருக்கும்? இதுதான் என் மருத்துவ சாஸ்திரம். என் மூக்கு மாத்திரை அவளுக்கும் போனது. அவள் வெள்ளிக்கிழமை தலை முழுகுவதையும் நிறுத்தினேன். நீர் கோத்துக்கொள்ளுமே. அந்த நீளக் கூந்தலை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பிறகு நீங்கள். ஆமாம், வாசகர்களாகிய நீங்கள்தான். நான் இந்தப் பத்தியில் "எங்கள் வீட்டில் இரண்டாவது சைனஸ்" என்று பெருமையடித்ததும் ஆளுக்கொரு வைத்தியம் எழுதி அனுப்பினீர்கள். நொச்சி ஆவி, சுக்குப் பற்று, மஞ்சள் புகை. எல்லாவற்றையும் அவளிடம் செய்து பார்த்தேன். தலைகீழாக நிற்கச் சொல்லி எழுதிய பூச்சோங் அன்பருக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதை அவள் என்னைச் செய்து காட்டச் சொன்னாள்.

ஒன்றுக்கும் நோய் கேட்கவில்லை. என் மாத்திரையோ என்னையே தூங்க வைக்கும் சாமான். அவள் ஃபேக்டரியில் பற்றவைக்கும் கம்பியைக் கையில் பிடித்தபடியே கண்ணசந்தாள். ஒரு நாள் லீவு, இரண்டு நாள் லீவு. இங்கே டாக்டர் கொடுக்கும் லீவுச் சீட்டுக்கு எம்.சி. என்று பேர். அவளுடைய சூப்பர்வைசர் ஒருத்தி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "வந்துட்டாங்க லா, எம்.சி. ராணி" என்று சொல்லியிருக்கிறாள்.

பாக்கியம் அதை என்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வேறொரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"சொன்னா சொல்லிட்டுப் போறா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உண்மையிலயே நான் சோம்பேறி ஆயிட்டேனா?" என்று கேட்டாள். டின்னைத் திறந்து இன்னொரு மாத்திரை கொடுத்தேன்.

கடைசியில் ஒரு மூக்கு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நல்ல மனுஷர்தான். படம் எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, நடு எலும்பு கொஞ்சம் வளைந்திருக்கிறது என்றார். நானும் பக்கத்தில் இருந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் என் மூக்கைப் பற்றியே சொன்னேன் என்பது இப்போதுதான் புரிகிறது. ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

எனக்கு ஏக சந்தோஷம். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். இங்கேயும் எழுதினேன். வேறு என்ன பெருமை இருக்கிறது என்னிடம்?

இதற்கு நடுவில் எங்கள் மூத்த மகளுக்கு வளைகாப்பு வந்தது. வளையல் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போனோம். ஆப்பரேஷனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

கண்ணாடி வளையல் வாங்குவது தெரியுமில்லையா? தளர்வாக இருந்தால் அது அளவில்லை. கைக்குள் போகவே போகாது என்று தெரிகிற வளையல்தான் சரியான அளவு. கடைக்கார அம்மா கையில் சோப்புத் தண்ணீரைத் தடவி, கட்டை விரலை உள்ளே மடக்கி, புறங்கை எலும்பை ஒன்றாக நெருக்கி அமுக்கி ஏற்றிவிடுவார். எல்லாப் பெண்களும் கொஞ்சம் 'ஸ்…' என்பார்கள். பிறகு கையை ஆட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்றைக்கும் ஸ்டூலில் வரிசையாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

மகளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, தனக்கும் இரண்டு கைக்கு அளவு கொடுத்தாள் பாக்கியம். இடது கை முடிந்தது. ஒவ்வொரு வளையலுக்கும் அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை, தும்மிக்கொண்டிருந்தேன். கடையில் ஊதுபத்தி. கடைக்கார அம்மா வலது கையைப் பிடித்து நெருக்கியதும், பாக்கியம் அலறவில்லை. கையை உருவிக்கொண்டு, அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது.

"என்னா தங்கச்சி, நான் இன்னும் அமுக்கவே இல்லயே" என்று பயந்துவிட்டார் அந்த அம்மா.

"அவளுக்கு சைனஸ், அக்கா" என்றேன் நான்.

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாக்கியமும் பார்த்தாள். அவள் பார்வைதான் நீளமாக இருந்தது.

வலது கை வளையல்களைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தோம். அவள் டீயைத் தொடவில்லை.

"ஒன்னு கேக்கறேன், பதில் மட்டும் சொல்லுங்க. கதை சொல்லாதீங்க."

"கேளு."

"உங்களுக்கு மூக்கு அடைச்சா முழங்கை வலிக்குமா?"

"முழங்கையா? இல்லயே."

"இடுப்பு? முட்டிக்கு உள்பக்கம்?"

"இல்ல."

"சட்டைக் காலர் தோள்ல பட்டா வலிக்குமா? நான் கை போட்டா வலிக்குமா?"

"நீ எங்க கை போட்ட, இப்பல்லாம்."

"அதத்தான் சொல்றேன். எனக்கு வலிக்குது. அதான் போடல."

நான் டீக்கோப்பையைக் கீழே வைத்தேன்.

அவள் நிறுத்தவில்லை. "நான் உங்களத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன் இத்தன மாசமா. நீங்க காலைல தும்முறீங்க, நான் தும்மல. உங்களுக்குக் கருகின வாட தெரியல, எனக்கு ரெண்டு வீடு தள்ளிச் சமைக்கிறது தெரியுது. நீங்க மூக்குக்கு ஸ்ப்ரே அடிச்சா கொஞ்ச நேரத்துல பாட்டுப் பாடுறீங்க. நான் அடிச்சா தொண்டைதான் கசக்குது. உங்க தூசி நின்னா உங்க நோய் நிக்குது. என்னோடது எதுக்கும் நிக்கல. அப்ப எனக்கு இருக்கறது உங்க நோய் இல்லங்க."

ஃபேக்டரியில் நல்ல ரேடியோ, கெட்ட ரேடியோ என்று பிரித்து வைக்கிறவள். என்னையும் தன்னையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துவிட்டாள்.

"நாள் குறிச்சாச்சே பாக்கியம். லீவு சொல்லியாச்சு. எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு" என்றேன்.

"நீங்க சொன்னதுக்காக என் மூக்கை அறுக்கணுமா?"

அதே வரிசையில் மாடியில் ஒரு லேடி டாக்டரின் கிளினிக் இருந்தது. போர்டைப் பார்த்தாள், எழுந்தாள், படி ஏறினாள். ஒரு கையில் வளையல், ஒரு கை வெறும் கை. டீக்காசைக் கொடுத்துவிட்டு நான் பின்னாலேயே ஓடினேன். படியில் நின்று நின்றுதான் ஏறினாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் சிலோன்காரர், யாழ்ப்பாணத் தமிழ். சேலைக்குக் கீழே ரப்பர் ஷூ. பாக்கியம் சொல்லச் சொல்ல, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் நடுவில் வாயைத் திறந்தேன்.

"இவர் ஆர்?" என்று கேட்டார் டாக்டர்.

"வீட்டுக்காரர். அவருக்குத்தான் சைனஸ்" என்றாள் பாக்கியம்.

"அப்ப நல்லது. நீங்களும் இதில ஏறி இருங்கோ."

அந்த உயரமான கட்டிலில் எங்கள் இரண்டு பேரையும் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்தார். பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தின பள்ளிக்கூட ஞாபகம் வந்தது எனக்கு.

முதலில் என் கண்ணுக்குக் கீழே கட்டை விரலால் அமுக்கினார். பல் வரைக்கும் பாய்ந்தது வலி. பாக்கியத்துக்கும் அதே இடத்தில் அமுக்கினார். "பாரமாத்தான் இருக்கு. அப்படி ஒன்னும் வலி இல்ல" என்றாள்.

விளக்கடித்து என் மூக்குக்குள் பார்த்தார். "இதுக்குள்ள பெரிய ட்ராஃபிக் ஜாம்" என்றார். பாக்கியத்தின் மூக்கைப் பார்த்து, "கொஞ்சம் வீக்கம் இருக்கு. இந்தப் புகையில ஆருக்குத்தான் இல்லை" என்றார்.

பிறகு என் தோளில் அமுக்கினார். கூச்சத்தில் சிரித்துவிட்டேன். அதே மாதிரி, அதே அளவு, பாக்கியத்தின் தோளில் அமுக்கினார். துள்ளிவிட்டாள். கழுத்துக்குப் பின்னால், முழங்கைக்கு வெளிப்பக்கம், இடுப்பு ஓரம், முட்டிக்கு உள்பக்கம்... எனக்கு ஒவ்வொரு இடத்திலும் சிரிப்பு, அவளுக்கு ஒவ்வொரு இடத்திலும் கண்ணில் தண்ணீர். இடது பக்கமும் அப்படித்தான், வலது பக்கமும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க நோகுது எண்டு அவவே சொல்லிப்போட்டா. நான் தொட்டுத்தான் பார்த்தன்" என்றார் டாக்டர் என்னிடம்.

"அப்ப இது என்ன, டாக்டர்?"

"ஃபைப்ரோமயால்ஜியா எண்டு ஒண்டு இருக்கு. அதுவாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். ஆனா இண்டைக்கே பெயர் வைக்க மாட்டன். முதல்ல ரத்தம் பார்க்க வேணும். தைராய்டு, மூட்டு வாதம், அதெல்லாம் இல்லையெண்டு தெரிய வேணும். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறன்."

மூன்றாம் வகுப்புக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னேன். சொன்னார்.

மூக்கு நோய் என்றால் அடையாளம் மூக்கில் இருக்குமாம். தும்மல், அடைப்பு, ஒழுகல், வாசம் தெரியாமை. தூசியில் கூடும், மருந்து அடித்தால் குறையும். இந்த மற்ற நோய் மாதக்கணக்கில் உடம்பு முழுக்க வலிக்கும், இடம் வலம் இரண்டு பக்கமும், இடுப்புக்கு மேலும் கீழும். தூங்கினாலும் அசதி போகாது. ஞாபகம் மங்கும். தொட்டாலே நோகும். தலையும் முகமும் சேர்ந்து வலிப்பதால்தான் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

"ரெண்டும் ஒராளுக்கே இருக்கவும் கூடும். இவவுக்கு மூக்கிலயும் கொஞ்சம் இருக்கு. ஆனா மூக்கை வெட்டினா முழங்கை நோ போகாது. அந்த மூக்கு டாக்டரிட்ட இதைச் சொல்லிப்போட்டு முடிவெடுங்கோ. இன்னொண்டு. இவரின்ர மருந்தை நீங்கள் விழுங்கக் கூடாது" என்று பாக்கியத்தைப் பார்த்துச் சொன்னார்.

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. அதற்கே அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லதானே, டாக்டர்?"

"சோம்பேறி இந்த நோவோட இத்தனை மாதம் வேலைக்குப் போயிருக்க மாட்டா" என்றார் டாக்டர்.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். என் மூக்கு எனக்கு வாழ்க்கையில் உதவியது அந்த ஒரு தடவைதான். கண்ணில் தண்ணீர் வந்தால் எனக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். அங்கே இருந்த பெரிய டாக்டரும் அமுக்கிப் பார்த்துவிட்டு அதே நீளப் பேரைச் சொன்னார். மூக்கு டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை நான் வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டேன். அவர் பாக்கியம் சொன்னதை முழுக்கக் கேட்டாராம். வளைந்த எலும்பு பல பேருக்குத் தொந்தரவு இல்லாமலே இருக்கும், உங்களுக்கு இப்போது கத்தி வேண்டாம் என்று ஆப்பரேஷனுக்குக் குறித்த நாளை அவரே அடித்துவிட்டாராம். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினால் போதுமாம்.

பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மருந்து என்று பார்த்தால், படுக்கப் போகும் முன் ஒரு சின்ன மாத்திரை, வெந்நீர்க் குளியல், தினம் மெதுவாக நடை. தலை முழுகலாமா என்று கேட்டதற்கு, யார் வேண்டாம் என்று சொன்னது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையாம். அந்த வெள்ளிக்கிழமை வெந்நீரில் தலை முழுகிவிட்டுக் கூந்தலை விரித்துப் போட்டு வாசலில் உட்கார்ந்தாள். பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

இனி சூப்பர்வைசர் கதை. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டாளாம். "ரத்தத்துல ஒன்னும் இல்லன்னு போட்டிருக்கே. அப்ப சாக்கிட் இல்லதானே?" இங்கே நோவுக்குச் சாக்கிட் என்றுதான் சொல்வோம்.

பாக்கியம் சண்டை போடவில்லை. லைனில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு ரேடியோவைக் காட்டினாளாம். "இது வெளிய பாத்தா நல்லா இருக்கு. தொறந்து பாத்தாலும் எல்லாம் இருக்கு. ஆனா இரையுது. நீ இதக் கெட்டதுன்னுதானே தள்ளி வெச்ச? சோம்பேறின்னா வெச்ச?"

லைன் முழுக்கச் சிரிப்பாம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாளாம். மறுநாளே கையைத் தூக்காமல் செய்கிற மேசைக்கு பாக்கியத்தை மாற்றிவிட்டாள். இதைப் பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னிடம் சொன்னார்கள். நான் திரும்ப வேண்டிய முனையைத் தாண்டிப் போய்விட்டேன்.

இப்போது பஸ்ஸில் தலைவலி என்றால் யாரும் டிரைவரைக் கேட்பதில்லை. பின் சீட்டைத்தான் கேட்கிறார்கள். அவள் என்னை மாதிரி பட்டம் கட்டிக்கொள்ளவில்லை. "எங்க வலிக்குதுன்னு மொதல்ல நீ உன்னையே கவனி. அப்புறம் டாக்டர்கிட்ட போ. உன் புருஷன் டின்னத் தொறக்காத" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய வைத்தியம். என் வைத்தியத்தைவிடச் சின்னது, என் வைத்தியத்தைவிட நல்லது.

வளைகாப்பில் அவள் ஒரு கையில் மட்டும் வளையலோடு நின்றாள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் விடுவார்களா? "என்னா சம்பந்தியம்மா, ஒரு கை வெறும் கையா இருக்கு?"

"அந்தக் கை எம்.சி.யில இருக்கு" என்றாள்.

மண்டபமே சிரித்தது. என் மகள் சிரித்த சிரிப்பில் அவள் கை வளையல் அத்தனையும் குலுங்கியது. எனக்கு வந்த பெருமைக்கு, நானே ஏழு மாசம் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. சில நாள் நல்ல நாள், சில நாள் ஜன்னலில் தலை சாய்கிற நாள். அந்த நாளில் நான் குழிகளைப் பார்த்து பஸ்ஸை மெதுவாக விடுவேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஆனால் நல்ல நாட்கள் கூடிக்கொண்டு வருகின்றன. துணிக்கொடிக்கு இப்போது கை எட்டுகிறது. என் தோளுக்கும்.

மிச்ச வளையல் பொட்டலம் அலமாரியிலேயே இருந்தது. நேற்றுச் சாயந்திரம் அதை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடைல வேணாம். நீங்க போட்டு விடுங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்" என்று வலது கையை நீட்டினாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன என் கையில் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டேன். எனக்குத்தான் வியர்த்தது. அவள் கட்டை விரலை மடக்கி, முதல் வளையலை வைத்து, மெதுவாக –

"ஏங்க. எழுதினது போதும். மழைக்கு முன்னாடி நடந்துட்டு வந்துடலாம், வரீங்களா இல்லயா?"

வாசலில் கேட்டைத் திறக்கிறாள். போக வேண்டும். மீதியை எழுத நேரமில்லை, எழுதத் தேவையும் இல்லை. ஒரு கை வளையல் சத்தம் எது, இரண்டு கை வளையல் சத்தம் எது என்று இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. இது பொய்யில்லை.

எனக்கு மூக்குதான் அடைப்பு. காது நன்றாகவே கேட்கும்.